பந்தைப் பிடித்த விரல்

உடைமாற்றும் அறைக்குப் பின்னால்
கிழிந்த வலைகள் கிடந்த இடத்தில்
இப்போது ஒரு நாற்காலி, ஒரு கணினி.
கோபன்ஹேகனில் படித்துவிட்டு வந்த சுன்வா
என் தலைமுடியை வகிர்ந்து
குளிர்ந்த பசை தடவி
உச்சியில் ஒன்று, காதுமடலுக்கு ஒன்று என
மின்முனைகளை ஒட்டுகிறாள்.
விடிகாலையிலிருந்து சால்மன் ஆலையில்
கத்தி பிடித்த கை என்னுடையது.
மீன்வாடை அவளுக்குப் பழகிவிட்டது.
பசை வாடை எனக்கு இன்னும் பழகவில்லை.

திரையில் ஒரு படகு.
மூளையின் அலை அடங்கினால் நகரும்,
இரைந்தால் நிற்கும்.
அவ்வளவுதான் விளையாட்டு.
"நகர்த்தப் பார்க்காதீங்க" என்கிறாள்.
நகர்த்தாமல் எப்படி நகர்த்துவது?
பல்லைக் கடித்தேன்; நின்றது.
மூச்சை எண்ணினேன்; நின்றது.
நின்றதே என்று வைதேன்;
வசதி இருந்திருந்தால் பின்னோக்கிப் போயிருக்கும்.

போன அக்டோபரில்
வானத்துக்கு நான் அடித்த பெனால்டி
இன்னும் கீழே இறங்கவில்லை.
ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போது
என் தலைக்கு மேலேயே இருக்கிறது.
கிளாக்ஸ்விக்கில் ஐயாயிரம் பேர்.
நாகரிகமானவர்கள், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
பேசாததை எல்லாம் கேட்டுக்கொண்டே
வீடு போய்ச் சேருவேன்.

பதினான்காம் நாள் படகு நகர்ந்தது.
விரற்கடை தூரம். பிறகு பாதித் திரை.
"என்ன நினைச்சீங்க?"
ஒன்றுமில்லை என்றேன்.
உண்மையில் பட்டையில் மீன் வந்துகொண்டிருந்தது:
செவுளுக்கடியில் கத்தி, அடுத்தது,
செவுளுக்கடியில் கத்தி, அடுத்தது.
சம்பளத்துக்குச் செய்கிற வேலையைத்
தியானம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மே மாதம், வடமேற்குக் காற்று.
எண்பத்தொன்பதாம் நிமிடம், பெனால்டி.
வைத்தேன், உருண்டது.
வைத்தேன், உருண்டது.
நடுவர் தலையசைக்க
எய்துன் ஈரப்புல்லில் குப்புறப் படுத்து
பந்தின் உச்சியில் ஒரு விரல் வைத்தான்.
எங்கள் தீவுகளில் வழக்கம்தான் இது.
ஆனால் அந்த நகத்தை அன்றுதான் பார்த்தேன்:
படகின் கதவில் நசுங்கி
கருநீலமாய், அடிப்பிறை மட்டும் வெள்ளையாய்.

மின்முனை இல்லை, திரை இல்லை.
கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்ந்தான், தெரியாது.
ஓடினேன்.
வலை அசைந்ததை
முதலில் காற்று என்றே நினைத்தேன்.

ஆட்டத்தில் தோற்றோம், மூன்றுக்கு ஒன்று.

செவ்வாயன்று பசை தடவியபடி கேட்டாள்:
"அந்த நேரத்துல உள்ள எப்படி இருந்துச்சு?"
"எய்துன் விரலை உதைச்சிடக் கூடாதேன்னு
ஒரே ஒரு பயம்" என்றேன்.
"மத்த பயத்துக்கெல்லாம் உட்கார இடமில்ல."
பேனாவை எடுத்தாள்.
எந்த அலையின் கீழ் இதை எழுதுவது என்று
யோசித்திருப்பாள் போல.
மூடி வைத்துவிட்டுத் திரையை இயக்கினாள்.

படகு நின்றுகொண்டுதான் இருந்தது.
இன்றைக்கு என்னவோ
மீன் வரவே இல்லை.