அரை ஜோடி

ட்ரோம்சோ விமான நிலையத்தில்
நீளச் சாமான்களுக்கென்று தனி கவுண்டர்.
கழிப்பறைக்குப் போகிற வழியில் இருக்கிறது.
பதினோரு வருடமாக அங்கேதான் நிற்கிறேன்.
தூண்டில் கழிகள், தள்ளுவண்டிகள்,
ஒருமுறை போர்வையில் சுற்றிய சவப்பெட்டி மூடி.
மார்ச் வந்தால் பலகைகள், பலகைகள்,
பலகைகள் மட்டும்.

விதி எல்லாருக்கும் தெரியும்:
ஒரு பை, ஒரு ஜோடி, இருபத்துமூன்று கிலோ.
எல்லாரும் அந்தப் பைக்குள்
கம்பளிச் சட்டை, ஈர உள்ளாடை, கருவாடு,
சில சமயம் பிராந்தியும் சுருட்டித் திணித்துவிட்டு
"பலகை மட்டும்தான்" என்பார்கள்,
என் கண்ணைப் பார்க்காமல்.
நிறைமாதப் பசுபோல மூச்சுவிடும் பை.
நான் திறக்கச் சொல்வதில்லை.
பெல்ட் நகராவிட்டால்தான் அது என் பிரச்சினை.

ஔடுனின் பை ஒல்லியாக இருந்தது.
லிங்கன் மலையில் பனிச்சரிவு.
ஆளை விட்டுவிட்டது,
இடது காலின் பலகையை வைத்துக்கொண்டது.
பேருந்தில் குடையை மறந்தவன்போலத்தான் சொன்னான்.
கையெழுத்துப் போடுகையில்
பேனா இரண்டு தரம் கீழே விழுந்தது.

"ஒன்றுதானே இருக்கிறது,
பாதிக் கட்டணம்தானே?"
திரையில் எண்ணிக்கைக் கட்டம்.
அரை என்று அடித்தேன். சிவப்பு.
புள்ளி ஐந்து. சிவப்பு.
பூஜ்யம் போட்டால் பையே மறைந்துபோகிறது.
மேலதிகாரி செல்லௌக்கை ஃபோனில் பிடித்தேன்.
"இன்னொன்று எங்கே?"
"மலையில்."
"இருக்கிறதுதானே? அப்போது ஜோடிதான்.
ஒன்று மட்டும் பயணம் செய்கிறது,
அது அவர் விருப்பம். வசூலி."

ஐநூற்று நாற்பது குரோனர்.
ரசீதில் அச்சாகி வந்தது:
பனிச்சறுக்குப் பலகை, ஒரு ஜோடி.
அவன் அதை நான்காய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்த பதனம் பார்த்து
சிரிப்பு வந்தது எனக்கு.
பிறகு வரவில்லை.

ஜூலை. இரவு கிடையாது, தூக்கமும்.
மீன்பிடிக்கும் ஜெர்மானியர்களின் வரிசை நடுவே
ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்,
தோளில் உறையில்லாத ஒற்றைப் பலகை.
பேர் சுன்னா. கலைமான் கன்றுகளுக்குக்
காதுக்குறி போட மேலே போனவள்
ஓடைக்குக் குறுக்கே அது கிடப்பதைப் பார்த்தாளாம்.
முதலில் அதன்மேல் நடந்து ஓடையைக் கடந்தாளாம்,
அப்புறம்தான் என்னவென்று குனிந்தாளாம்.
வால்பக்கம் ஒட்டியிருந்த தொலைபேசி எண்ணில்
கடைசி இலக்கம் அழிந்துபோயிருக்க,
சுழியத்திலிருந்து ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டு
ஏழாவது ஆளாக ஔடுன் கிடைத்தான்.
பெர்கனில் தங்கைக்குக் கல்யாணம்,
எப்படியும் அந்தப் பக்கம் போகிறேனே என்றாள்.

எடை இரண்டு கிலோ நூறு.
விளிம்பில் துரு, விரிசலில் பாசி.
குதிகால் பூட்டுக்குள் ஒரு சிலந்தி
வீடுகட்டிக் குடியேறியிருந்தது.
எண்ணிக்கைக் கட்டம் மறுபடி
என்னையே பார்த்தது.

"இதற்கு மார்ச்சிலேயே கட்டியாயிற்று."
சொன்னது நான்தான்.
குறிப்பு எழுதும் இடத்தில் தட்டினேன்:
அதே ஜோடி. மிச்சம். தாமதம்.
இயந்திரத்துக்குக் கடைசிச் சொல் மட்டும் புரிந்தது.
நான்கு மாதம் தாமதமான சாமான் என்று பதிந்துகொண்டு
ஔடுனுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பியது.
பல்துலக்கியும் மாற்று உள்ளாடையும் வாங்கிக்கொள்ள
நானூறு குரோனர் கூப்பனும்.

செல்லௌக் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்டில் ஒரு படம் வந்தது.
வலது பலகையை அவன் ஏப்ரலிலேயே
அடுக்களைச் சுவரில் திருகிக்
கோட்டு மாட்டுகிற தட்டாக ஆக்கிவிட்டிருந்தான்.
இப்போது கழற்றி, இரண்டையும் சாய்த்து வைத்திருக்கிறான்.
ஒன்றில் ஆறு துளை.
ஒன்று கொஞ்சம் வளைந்து.
இனி எதிலும் ஓடாது இந்த ஜோடி.
பக்கத்து நாற்காலியில் கோட்டுகளின் குவியல்.

சிலந்தியைப் பற்றி
ஒரு வரி எழுதவில்லை.