மூடியில் ஒட்டிய விலை

பதினோரு வருஷமாய்
அவர்களை எனக்குக் கண்களாகத்தான் தெரியும்.
பாயான் லெப்பாஸ் ஆலையில், தூசி நுழையாத அறையில்,
தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி,
வாய்க்கு மூடி, கைக்கு உறை.
பொட்டு கூடாது. தோடு கூடாது.
பவுடர் ஒரு துகள் உதிர்ந்தாலும்
ஒரு தட்டுச் சில்லு பாழ்.

அங்கி கழற்றும் இடத்தில் ஒருநாள்
வாய்தவறிச் சொல்லிவிட்டேன்:
வீட்டுக்கு ஒரு தடவை வாங்களேன்.
வருகிறோம் என்றார்கள்.

பயம் அப்புறம்தான் வந்தது.

பாயா தெருபோங், பன்னிரண்டாம் மாடி,
லிஃப்ட் பத்தோடு நின்றுவிடும்.
சோஃபாவின் கிழிசலுக்கு ஒரு துண்டு விரித்தேன்.
கோழியை மலாய்க்காரர் கடையில் வாங்கினேன்.
நோர்ஹயாத்திக்காக ஒரு புதுச் சட்டி.
கண்ணாடி மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த
விலைச்சீட்டை மட்டும் உரிக்கவில்லை.
அவள் கேட்கமாட்டாள்.
நான் சொல்லவும் கூச்சம்.
சீட்டு சொல்லிக்கொள்ளட்டும்.

பிறகு பீரோ.
பட்டை எடுத்தேன்; கல்யாண வீடு போல் இருந்தது, வைத்தேன்.
தைப்பூசத்து மஞ்சளை எடுத்தேன், அதையும் வைத்தேன்.
சாம்பல் நிறத்தில் ஒரு நூல் சேலை,
அரைவிரல் அகலத்தில் அரக்குக் கரை,
கஞ்சி போட்டு, நீவி, ஆறு மடிப்பு, ஒரே ஒரு ஊசி.
மூக்குத்தி போதும் என்று தோன்றியது.
கண்ணாடியில் பார்த்தால்
அட, எனக்குக் கழுத்து இவ்வளவு நீளமா?

சியூ லிங் முதலில் வந்தாள்.
பாலிக் பூலாவ் தோட்டத்து ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு போத்தல்,
தலையில் ஒரு கற்றை ஊதா முடி.
எத்தனை வருஷமாய் அந்தத் தொப்பிக்குள் ஊதா என்று
கேட்க வெட்கமாய் இருந்தது.
பின்னாலேயே நோர்ஹயாத்தி,
பிஸ்தா பச்சையில் தூடோங், கன்னத்தில் குழி,
"இரண்டு மாடி ஏறினேன், தண்ணி கொடு முதல்ல."

மூன்றாவதாய் வாசலில் நின்றவளை
எனக்குத் தெரியவில்லை.
செங்கல் நிறக் குர்த்தா, முழங்கைவரை கண்ணாடி வளையல்.
யாரைப் பார்க்கணும், என்றேன் மலாயில்.
அவள் சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே உள்ளங்கையால்
மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள்.

மனமாயா!

நாலு வருஷம் என் பக்கத்து மெஷின்.
ஆலை, பஸ், ஹாஸ்டல்.
இந்த நாட்டில் அவள் நுழைந்த முதல் வீடு இதுவாம்.
சொல்லிவிட்டுச் சிலிப்பரைச் சுவரோரமாய்
நேராக வைத்தாள், மறுபடி நேராக்கினாள்.

நாற்காலி நாலு இருந்தது. ஒன்று இரவல்.
மனமாயா தரையில் உட்கார்ந்தாள்.
அவள் உட்கார்ந்ததால் ஹயாத்தி,
ஹயாத்தி உட்கார்ந்ததால் முட்டிவலிக்கார சியூ லிங்,
கடைசியில் நானும்,
கஞ்சி மொடமொடப்பு முழுக்க நொறுங்க.
யாருடைய தட்டும் காலியாகாமல் பார்த்துக்கொண்டேன்.
என் தட்டைப் பார்த்துக்கொண்டது சியூ லிங்.

மூடியை எடுத்த ஹயாத்தி அங்கேயே நின்றாள்.
"பதினெட்டு வெள்ளி தொண்ணூறா? ஏமாந்திட்டே லா."
எல்லாரும் சிரித்தோம்.
அவள் நகத்தால் சீட்டை உரிக்கத் தொடங்கினாள்,
பாதி கிழிந்தது, பாதி நின்றது.
அப்புறம் குரலை இறக்கி,
என்னை மட்டும் பார்த்து:
"இது என் சட்டி. அடுத்த தடவையும் இதிலேயே ஆக்கு."
கறி காரம் என்று சொல்லிக்
கண்ணைத் துடைத்தேன்.

ஒன்பதரைக்கு ஹாஸ்டல் கதவு மூடிவிடும்,
மனமாயா எட்டரைக்கே எழுந்தாள்.
கட்டிக்கொடுத்த கறி பையில் சூடாய் இருந்ததோ என்னவோ,
பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

திங்கள் காலை ஏழு மணி.
மறுபடி வெள்ளை, மறுபடி கண்கள்.
ஒரு தொப்பிக்குள் ஊதா இருக்கிறது,
ஒரு மூடிக்குள் குழி.
சூப்பர்வைசர் அந்தப்பக்கம் திரும்பிய நேரம்
மனமாயா உறையணிந்த கையைத் தூக்கி
ஏற்கெனவே மூடியிருந்த வாயை
இன்னொரு முறை மூடிக் காட்டினாள்.