கதவு எண் மாறிய இரவு

செந்தூலில் டயர் கடைக்கு மேல்மாடி.
மணி ஒன்றே முக்கால்.
கறுப்புத் திரையில் இரண்டே வரி:
அப்படி ஒரு பகுதி இல்லை.
மீட்பு முறைக்குள் நுழைகிறேன்.
அதற்குக் கீழே ஒரு கோடு
விட்டுவிட்டு மின்னுகிறது, வேறொன்றும் இல்லை.

பழைய பெட்டி, யாரோ தானமாகத் தந்தது.
ஒரே வட்டில் இரண்டு குடித்தனம்.
இந்தப் பக்கம் விண்டோஸ்,
ஸ்கேனர் அதனிடம் மட்டும்தான் பேசும்.
அந்தப் பக்கம் நான் போட்ட லினக்ஸ்,
காற்றாடி இரையாமல் கடிதம் அடிக்க.
காலையில் கேட்கும், யார் வேண்டும் என்று.
பத்து நொடி காத்திருக்கும்.
திலகேஸ்வரி அம்புக்குறியைத் தட்டுவார்.
இவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

நேற்றுச் சாயங்காலம் விண்டோஸ்
தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது.
யாரையும் கேட்கவில்லை.
நடுவில் தனக்கென்று ஒரு சின்ன அறை தடுத்துக்கொண்டது.
ஐந்தாம் எண் வீடு ஆறாம் எண் ஆனது.
வாசல் காப்பவனுக்கு யாரும் சொல்லவில்லை,
அவன் ஐந்தையே தட்டிக்கொண்டிருக்கிறான்.

காலை ஒன்பதுக்குப் புத்ராஜெயா.
யுகேந்திரனின் கோப்பு விண்டோஸ் பக்கம்:
பதினெட்டுத் தாள்.
தடுப்பூசி அட்டை,
ஆறாம் ஆண்டு தேர்ச்சி அறிக்கை,
மருத்துவமனை ரசீது,
அம்மாவின் பெயரை இரண்டு விதமாக எழுதிய
ஒரே சத்தியப் பிரமாணம்.
மூலங்கள் டிசம்பர் வெள்ளத்தோடு போயின.
அவனுக்கு இருபத்தொன்று ஆகப் பதினோரு நாள்.
அதற்கப்புறம் வேறு பாரம், வேறு வரிசை.

இங்கே சுட்டெலி இல்லை, சன்னல் இல்லை.
இதற்குத் தெரிந்த சொற்கள் நாலைந்து.
எல், எஸ்.
அடைப்புக்குறிக்குள் ஆறு கதவுகள்.
ஒன்று: தெரியாத கோப்பு முறை.
இரண்டு: தெரியாத கோப்பு முறை.
மூன்றில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தேன்,
திரும்ப முதலிலிருந்து.
ஐந்து: தெரியாது.
ஆறில்
பூட், ஹோம், வார், டிம்ப் என்று
பெயர்கள் சரசரவென விழுந்தன,
உண்டியலைக் கவிழ்த்த மாதிரி.

இதுதான் உன் வீடு என்று சொன்னேன்.
பிறகு நார்மல் என்று அடித்தேன்.
கட்டளையிட்டதும் எல்லாம் இயல்பாகிவிடும் இடம்
செந்தூலில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

லினக்ஸ் எழுந்தது. வாசலைத் திருத்தினேன்.
பட்டியலைப் புதிதாக எழுதச் சொன்னேன்.
எழுதியது. அதில் ஒரே பெயர்.
விண்டோஸ் இல்லை.

மைலோ ஆறி ஆடை கட்டியிருந்தது.
பதினெட்டுத் தாளையும்
நானே அழித்துவிட்டேனா?
வட்டைப் பார்த்தால்
முதல் பகுதி அப்படியே இருக்கிறது,
நூற்றிருபது ஜிபி, கனமாக.
வேகமாக ஓடிய வரிகளை மேலே தள்ளிப் படித்தேன்:
எச்சரிக்கை, பிற அமைப்புகள் தேடப்படவில்லை.
ஏன்?
தேடாதிருப்பதே இப்போது வழக்கமாம்.
பாதுகாப்புக்காக.

மாற்ற வேண்டியது ஒரு வரி.
தேடுதலை முடக்கு: பொய்.
மறுப்பை மறுத்துச் சேமித்து
மறுபடி எழுதச் சொன்னதும்
கண்டேன் என்றது, சாதாரணமாக,
இத்தனை நேரமும் அது அங்கேதான் இருந்தது போல.
இருந்ததுதான்.

முதல் கொமுட்டர் போகும் சத்தத்தில்
பிரிண்டர் பதினாறாம் தாளைக் கக்கியது, நீலம் தீர்ந்து
கொஞ்சம் இளஞ்சிவப்பாக.
யுகேந்திரன் காசிப்பிள்ளைக் கம்பத்திலிருந்து
நடந்தே வந்திருந்தான்.
லைசென்ஸ் எடுக்க அட்டை வேண்டுமே.
“பெட்டிக்கு என்னண்ணே ஆச்சு?”
“ஒண்ணுமில்ல. உள்ளதான் இருந்துச்சு.
பட்டியல்லதான் இல்ல.”
அவன் என்னைப் பார்த்தான்,
பிறகு தாள்களை எண்ணத் தொடங்கினான்.

கிளம்புமுன் ஒரு வேலை மிச்சமிருந்தது.
பத்து நொடியை முப்பதாக்கினேன்.
திலகேஸ்வரிக்குக் கண்ணாடி தேட
அவ்வளவு நேரம் வேண்டும்.