கயிறு இழுக்கிறவன்

மோல்மேன் கடைத்தெரு வீடியோ கொட்டகையில்
எனக்கு வேலை வெளியே.
மின்சாரம் போனால்
ஜெனரேட்டர் கயிற்றை இழுக்க வேண்டும்.
அவ்வளவுதான்.

சண்டையில் போனால் விசில் பறக்கும்.
சிரிப்புக் கட்டத்தில் போனால்
வெற்றிலை போட வெளியே வருவார்கள்.
"நான் உங்களை" என்று தொடங்கி
அவள் மூச்சிழுக்கும் இடத்தில் போனால்
ஒருவரும் அசைய மாட்டார்கள்.

முதல் மாதம் ஓடிப்போய் இழுத்தேன்.
பிறகு ஒரு மழை இரவு,
டீசலில் தண்ணீர் கலந்து
இயந்திரம் கால்மணி நேரம் இருமிக்கொண்டே கிடந்தது.
காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று
முதலாளி பெட்டியைப் பூட்டினார்.
கேட்கவில்லை.
தகரத்தின் மேல் மழை.
தகரத்தின் கீழ் எண்பது பேர்
அவள் விட்ட வாக்கியத்தை
ஆளுக்கொரு விதமாய் முடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு சொல் தமிழ் தெரியாத வலைக்காரர் கோ தௌங்
"சொல்லிடு, சொல்லிடு" என்று
பர்மியில் இருட்டைக் கெஞ்சினார்.
வெளிச்சம் வந்து அவள் சொன்னபோது
பாதிப் பேர் முகத்தில் ஏமாற்றம்.
அவரவர் சொன்னதே நன்றாயிருந்திருக்கும்.

அன்றிலிருந்து
கயிற்றைப் பிடித்தபடி முப்பது வரை எண்ணுவேன்.
முதலாளிக்குத் தெரியாது.
இருபதில் இழுத்தால் பெருமூச்சு சின்னது.
நாற்பதானால் எவனாவது சுருட்டுப் பற்றவைப்பான்,
எல்லாம் கெட்டது.
முப்பது.

வேடிக்கை என்னவென்றால்
எந்தப் படத்தின் முடிவும் நான் பார்த்ததில்லை.
அந்நேரம் அடுத்த ஆட்டத்துக்கு
டீசல் ஊற்றிக்கொண்டிருப்பேன்.
கதவோரம் சூரியகாந்தி விதை விற்பவள்,
பதிவேட்டில் மா எய், வீட்டில் கனகவல்லி,
அவளிடம் கேட்பேன்:
"சேர்ந்தாங்களா?"
திங்களன்று, "சேர்ந்தாங்க. அவ அப்பா அழுதாரு."
செவ்வாயன்று அதே படம்,
"இல்ல, அவன் கப்பலேறிப் போயிட்டான்."
புதனன்று,
"அவனுக்கு அவ தங்கச்சியப் பிடிச்சுப்போச்சு"
என்று தோலைத் துப்பினாள்.

கேசட் ஒன்று. முடிவும் ஒன்றாகத்தான் இருக்கும்.
கதவிடுக்கில் கண்ணை வைத்தால் போதும்,
எட்டடி தூரம்.
போகவில்லை.

வியாழனன்று ஆட்டம் முடியும்வரை
விளக்கு ஒருமுறைகூடக் கண்சிமிட்டவில்லை.
சனம் கலைந்தபின் வந்து கேட்டேன்.
கூடையை மூடிக்கொண்டே வாய் திறந்தாள்,
"இன்னைக்கு..."

தெருவே இருண்டது.

கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
பிடித்தேன். எண்ணத் தொடங்கினேன்.
எங்கோ ஒரு சைக்கிள் மணி.
விதையொன்று பல்லில் உடைபடும் சத்தம்.
பிறகு, மிக அருகில்,
"முப்பது தாண்டிடுச்சே"
என்றாள்.