தண்ணீர்க் கழிவு

பாரந்தூக்கியின் கை
பாதியில் பனிக்குள் போய்விட்டது.
மிச்சக் கை இருக்கிறதென்று
என் உள்ளங்கைப் பெட்டிதான் சொல்லிக்கொண்டிருந்தது:
0.06.

கொக்கிக்குக் கீழே சுமைமானி,
ஒரு பால்போத்தல் உயரம்.
அரைச் செக்கனுக்கு ஒருதரம்
கம்பியில்லாமல் எனக்கு எண் அனுப்பும்.
அறுபது கிலோ என்பது சங்கிலி நாலும் ஷேக்கிள் ஐந்தும்.
சுமை இன்னும் மாட்டவில்லை.

கெசல்கமு ஓயாக் கரையில் சின்ன மின்நிலையம்.
டர்பைன் கூடு லொறியில் வந்து ஒன்பது நாள்.
ஒன்பது நாளும் மழை.
கடதாசியில் அதன் நிறை 6.40 டன்.
அவ்வளவு எட்டி நீட்டினால்
எங்கள் கிரேனுக்கு ஏழுதான் எல்லை.

ஜயதிஸ்ஸ அண்ணனுக்குச் சுமை தெரியாது, ஓயா தெரியாது.
வோக்கியில் என் குரல் மட்டும்.
இரண்டு.
மூன்றரை.
ஐந்து எண்பது.
சங்கிலி பல்லைக் கடித்தது.
ஆறு நாற்பத்தாறில் கூடு
மரக்கட்டையை விட்டு எழும்பியிருக்க வேண்டும்,
எழும்பவில்லை.
ஆறு எழுபது. ஆறு தொண்ணூறு.
ஏழில் பெட்டி கத்தத் தொடங்கியது.

"ஹோல்ட்" என்றேன்.
தமிழ், சிங்களம் இரண்டிலும் அதற்கு அதுதான் சொல்.

ஓவசியர் தெய்வேந்திரன் குடையோடு வந்தார்.
"சேத்துல ஒட்டிக்கிட்டிருக்கும். வேறென்ன?
பூச்சியத்த அமுக்கிட்டு மறுபடி எண்ணு, பிள்ளை.
லொறிக்காரன் வாடகை ஏறுது."

பூச்சியப் பொத்தான் மஞ்சள் நிறம்.
அமுக்கினால் தொங்குவதெல்லாம் இல்லையென்றாகும்,
பெட்டியும் வாயை மூடும்.

கொழுந்து மடுவத்துத் தராசுக்கு முன்னால்
நாலு வருஷம் நின்றவள் நான்.
கூடைக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ,
மழை நாளில் தண்ணீருக்கு இரண்டு,
வெயில் நாளில் பழக்கத்துக்கு இரண்டு.
இருபது பறித்த கைக்குப் பதினாறு என்று துண்டு.
பதினெட்டு இல்லையென்றால் அரைப்பேர்.
முள் எப்போதும்
எனக்கு முதுகு காட்டியே நின்றது.

இந்த எண் என்னைப் பார்த்து நிற்கிறது.

"இறக்குங்க" என்றேன், வோக்கியில்,
ஓவசியரைப் பார்க்காமல்.

மெய்யநாதன் ஸ்பானரால் கூட்டைத் தட்டினான்.
மேலே கணீரென்றது.
இடுப்பளவுக்குக் கீழே
நிறைகுடம் போல் மொத்தை.
தார்ப்பாயைத் தூக்கினால் ஒரு முழக் கிழிசல்.
அடிப்பக்கத் திருகாணியைக் கழற்றியதும்
துரு கலந்த தண்ணீர் அவன் மடியில் பாய்ந்தது.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான், பிறகு சிரித்தான்.
கால்மணி நேரம் ஓடியது.
எஞ்சினியர் நஸ்மி சப்பாத்தைத் தூக்கித் தூக்கி வைத்தார்.
தண்ணீர் பிளாங்கு வழியே வழிந்து
ஓயாவில் சேர்ந்துகொண்டது.

மறுபடி இரண்டு.
மூன்றரை.
ஐந்து எண்பது.
ஆறு நாற்பது, கட்டை முனகியது.
ஆறு நாற்பத்தாறு.
பிறகு எண் ஏறவில்லை, கூடு ஏறியது.

அறுபது கிலோ சங்கிலிக்கு.
அது கூடைக் கழிவு, ஒப்புக்கொள்கிறேன்,
கூடை கண்ணுக்கு முன்னால் இருந்தது.

அத்திவாரப் போல்ட்டில் உட்கார்ந்தபோது மணி மூன்று.
படிவத்தில் தாமதம்: ஒரு மணி பத்து நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
தண்ணீர் என்று எழுதினேன்.
ஓவசியர் வாசித்தார்,
பேனை கேட்டார்,
கையெழுத்து மட்டும் போட்டார்.

வெறுங்கொக்கி பனிக்குள் ஏறியது.
காற்றுக்கு 0.07, பிறகு 0.05.
"நங்கி, உட ஹரித?" ஜயதிஸ்ஸ அண்ணன்.
மேலே எல்லாம் சரிதானா என்று.

மேலே ஒன்றுமே தெரியவில்லை.
0.06 என்றேன்.