நரிவெங்காயக் கோடு

உயரம் எழுநூற்று எண்பத்து நான்கு மீட்டர்.
மேற்கே சுண்ணாம்புப் பாறை.
கிழக்குச் சரிவுக்குப் போவதற்குள் மழை பாதியாகிவிடும்.
தெளிந்த நாளில் உச்சியிலிருந்து கடல் தெரியுமாம்.
'தெரியுமாம்' என்றுதான் குறிக்க முடிகிறது;
நான் அளப்பது எதிர்க்குன்றில் நின்று.

தைர் ஹுமைதாக்காரர்களுக்கு அது ராஸ் அல்-உன்ஸுல்,
நரிவெங்காயத் தலை.
மேலே குடியிருப்பவர்களுக்கு மாலே ஹட்சாவ்,
நரிவெங்காய ஏற்றம்.
செடி ஒன்றுதான்.
பெயர் வைத்த குழுவில்
யாரோ தாவரவியல் தெரிந்தவர் இருந்திருக்கிறார்.

கோப்பைத் திறந்தால் முதலில் துருக்கியர் காலத்து வரிச்சீட்டு.
'தெற்கே பாதை, வடக்கே ஸுலைமாவின் பிள்ளைகளுடைய அத்தி.'
அத்தி இல்லை. பிள்ளைகள் அம்மானில்.
ஜோர்தான்காரர்களின் அளவைக் குழு
அறுபத்தாறில் பக்கத்து ஊர்வரை வந்தது.
வரிசையில் அடுத்தது நாங்கள்.
மறு ஜூனில் சங்கிலியைச் சுருட்டிவிட்டார்கள்.
எழுபத்தெட்டில் ராணுவத் தேவைக்கென்று ஓர் ஆணை,
மூன்று கூடாரம், ஒரு கொடிக்கம்பம்.
சிப்பாய்கள் கோழி வளர்த்தார்கள்.
கூடாரம் சக்கரவீடானது,
சக்கரவீட்டுக்குச் சிவப்போடு முளைத்தது.
பிறகு வந்த காகிதம் சொன்னது:
உழாத நிலம், ஆகவே அரசு நிலம்.
உழப்போனவர்களைத் தடுத்த காகிதம்
அதற்கு முந்தின பக்கத்தில் இருக்கிறது.

பழைய சட்டத்தில் இன்னொன்றும் உண்டு:
ஊரின் கடைசி வீட்டில் நின்று ஒருவன் கத்த வேண்டும்,
குரல் எட்டாத இடம் செத்த நிலம்.
முஃப்லிஹைக் கூரையில் ஏற்றினேன்.
"என்ன கத்தட்டும்?"
சட்டம் சொல் எதையும் குறிப்பிடவில்லை.
தன் கழுதையின் பெயரைக் கத்தினான்.
வேலிக்குள்ளிருந்து ஒரு நாய் பதில் சொன்னது.
எழுதிக்கொண்டேன்: கேட்கிறது.

வயலுக்கு வயல் இங்கே கிழங்கு நட்டுத்தான் பிரிப்பார்கள்.
ஆடு தின்னாது, தீ தொடாது,
கலப்பைக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கும்.
கோடை முடிந்ததும், ஓர் இலைகூட இல்லாமல்,
மார்பளவு உயரத்துக்கு வெள்ளைத் தண்டு.

செப்டம்பரில் கருவியைத் திருப்பிப் பார்த்தேன்.
ஹஸ்ஸூனின் களத்துமேட்டில் தொடங்கிய வெள்ளை
வேலிக்கு அடியில் நுழைந்து
மழலையர் பள்ளியின் ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் நடுவே போய்
கார் நிறுத்தத் தாரில் அறுந்து
தண்ணீர்த்தொட்டி அருகே மறுபடி இரண்டு தண்டு.
நூல் பிடித்த மாதிரி.

அந்தப் பள்ளி நிற்பது ஜவ்தத்தின் தகப்பன் நிலத்தில்.
ஜவ்தத் அங்கே தோட்டக்காரர்;
அனுமதிச்சீட்டு மூன்று மாதத்துக்கு, கூலி நாளுக்கு.
விஷக் கிழங்கு, பிள்ளைகள் புழங்குமிடம், பிடுங்கிவிடு
என்றார்கள் அலுவலகத்தில்.
முழங்கால் ஆழம் தோண்டினார்.
கிழங்கு அதற்கும் கீழே இருந்தது.
ஆசிரியை நெஹமா வெளியே வந்து
விட்டுவிடச் சொன்னாள்:
இது பூத்தால் மழை வருமென்று
பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாளாம்.
அவர் குழியை மூடினார்.
யாருடைய எல்லை என்று அவர் சொல்லவில்லை,
அவள் கேட்கவில்லை.
அவள் எங்கள் பக்கம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.
நாலரை மணிக்கு வாயில் பூட்டினார்கள்,
அவர் வெளியே.

பூ ஆவணமாகாது என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.
நடுவர் கேட்டார்: இந்தப் பூவின் துல்லியம் எவ்வளவு?
அரை மீட்டர் முன்பின்னாக இருக்கலாம், என்றேன்.
மொழிபெயர்ப்பாளர் தயங்கி
'ஏறத்தாழ' என்று முடித்துக்கொண்டார்.

பிப்ரவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.
அப்போது பூ இருக்காது.
அகல இலைகள் இருக்கும், பச்சையாக, தரையோடு.
அளக்கலாம்.
முக்காலியின் ஒரு கால் திருகு கழன்றுவிட்டது,
அதற்குள் வாங்க வேண்டும்.