கறுத்த கோடு

மூன்று ஐம்பதுக்கு மின்சாரம் போனது.
அட்டவணையில் இல்லாத வெட்டு.
டர்பனில் அட்டவணை என்பதே
ஒரு மரியாதைக்குத்தான்.

பாதுகாப்புப் பேழையின் விசிறி
பெருமூச்சு விட்டு நின்றது.
கையிலிருந்த சளிக்குப்பியை மூடினேன்.
கண்ணாடியை இறக்கினேன்.
முகக்கவசத்துக்குள் மூச்சை அளந்து விட்டு
அறையை விட்டு வெளியே வந்தேன்.
இவ்வளவும் உடம்பு தானாகச் செய்யும்.
பத்தொன்பது வருஷம்.

ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்தது.
ஆட்டோகிளேவ் மட்டும்
பதினோராம் நிமிடத்தில் விறைத்துக் கிடந்தது.
முப்பது நிமிடம் வேக வேண்டிய
நான்கு சிவப்புப் பைகள்.
ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த், உம்லாசி,
ஊர் ஊராய் இருமித் துப்பியதெல்லாம்
உள்ளே ஒரே சாதியாய்.

அழுத்தம் இறங்கியதும் திறந்தேன்.
ஒட்டிய நாடாவில்
கோடுகள் கன்னங்கரேலென்று கறுத்திருந்தன,
எல்லாம் முடிந்துவிட்டது போல.
சூடு பட்டதை அது சொல்லும்.
செத்ததைச் சொல்லாது.
வாழைமரம் கட்டிவிட்டால்
தாலி ஏறிவிட்டதாகுமா?

லாரி ஐந்து மணிக்கு.
மறுபடி வைத்தால் ஐந்தே முக்கால்.

போன ஜூலையில்
இதே கோடு இதே போலக் கறுத்திருந்தது.
எனக்குத் தூக்கம்.
பதிவேட்டில் ‘முப்பது’ என்று எழுதினேன்.
அன்று என் கையெழுத்து
அழகாகவே இருந்தது.

பையைத் தூக்கியவன் லுங்கெலோ.
கையுறை அவனுக்குச் சின்னது,
கட்டைவிரல் பக்கம் எப்போதும் கிழிசல்.
தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல்
நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்குவான்.
வேண்டாம் என்று சொன்னால்
கனக்கிறதே என்பான்.

ஆகஸ்டில் அவன் இருமினான்.
சிகரெட் என்றான். பிறகு குளிர் என்றான்.
ஒரு குப்பி நீட்டினேன்.
சிரித்துக்கொண்டே துப்பினான், இரண்டு காலை.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்ற தாளை
மூன்று முறை படித்தேன்.
ஆனால் லாரியில் இன்னும் இருவர் உண்டே,
குப்பைமேட்டில் எத்தனையோ பேர்.
இந்த ஊரில் யார்தான் இருமவில்லை?
எந்த இருமல் என் கையெழுத்து என்று
எந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது?

பொத்தானை அழுத்தினேன். முதலிலிருந்து.

முதல் வேக்காட்டில் வைத்த வித்துக்குப்பியை
எடுத்து அடைகாக்கும் பெட்டிக்குள் வைத்தேன்.
நாளை மறுநாள் ஊதாவாகவே இருந்தால் செத்தது.
மஞ்சளானால் பிழைத்தது.
வீட்டில் மஞ்சள் தாலிக்கும் பொங்கல் பானைக்கும்.
இங்கே மஞ்சளைக் கண்டால்
வயிறு கலங்குகிறது.

ஐந்துக்கு லாரி ஹாரன் அடித்தது.
ஐந்து பத்துக்கு ஓட்டுநர் திட்டியது
இரண்டு கதவு தாண்டிக் கேட்டது.
மிசஸ் சின்னப்பனுக்குப் போன் போட்டுச் சொல்வாராம்.
சொல்லட்டும்.

ஐந்தரைக்கு லுங்கெலோ பின்வாசலுக்கு வந்தான்.
“சாவுபோனா, சிஸி.”

உன்னைக் காண்கிறேன் என்று பொருள்.
பத்தொன்பது வருஷமாகியும்
என் காது அதைத் தமிழில்தான் வாங்குகிறது.
சாவு போனா?

“இன்னும் இல்லை” என்றேன், தமிழிலேயே.
கையை விரித்து மூன்று முறை காட்டினேன்,
பதினைந்து நிமிடம்.
அவன் படியில் உட்கார்ந்தான்.
அலமாரியில் பெரிய அளவுக் கையுறை
போன மாதமே வந்து கிடந்தது.
யாரும் பிரிக்கவில்லை, நானும்.
இன்று பிரித்து ஒரு ஜோடி நீட்டினேன்.
கட்டைவிரலை நுழைத்து ஆட்டிப் பார்த்தான்,
யாருடைய கையோ என்பதுபோல.

பதிவேட்டில் எழுதினேன்:
பதினொன்று. நின்றது. மறுபடி முப்பது.
கையெழுத்து கோணல்.

ஜூலைப் பக்கம்
அதே புத்தகத்தில்தான் இருக்கிறது,
ஒரு விரற்கடை கீழே.
அதை நான் திருப்பவில்லை.